கேள்வி–பதில்: பனிக்கு மழைமானி உண்டா?

கேள்வி: அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் ஆய்வு நிலையங்கள் வந்ததே 1950களின் பிற்பகுதியில்தான். அப்படியிருக்க, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே எவ்வளவு பனி பெய்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பெய்த பனி பெய்த இடத்திலேயே கிடப்பதால்தான் சொல்ல முடிகிறது. நம் ஊர் மழை ஓடியும் ஊறியும் ஆவியாகியும் போய்விடும். அன்றன்றைக்கு அளந்து குறித்து வைக்காவிட்டால் கணக்கு தப்பிவிடும். கோடையிலும் உருகாத துருவப் பரப்பிலோ, ஒவ்வோர் ஆண்டின் பனியும் முந்தைய ஆண்டின் பனிமேல் படிந்து, மேலே சேரும் எடையால் அமுங்கி, ஏறத்தாழ 60 முதல் 120 மீட்டர் ஆழத்துக்குள் பனிக்கட்டியாக இறுகிவிடுகிறது. (மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் வானிலிருந்து பஞ்சாக விழுவதும் நமக்குப் ‘பனி’தான். குழப்பம் வேண்டாம் என்பதால், விழுவதைப் பனி என்றும் இறுகியதைப் பனிக்கட்டி என்றும் எழுதுகிறேன்.) இந்த அடுக்குகளை மேலிருந்து கீழாகத் துளைத்து, சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள தண்டாக வெட்டியெடுப்பதுதான் ‘ஐஸ் கோர்’.

தண்டில் ஆண்டுகளைப் பிரித்தறிய வேதியியல் உதவுகிறது. டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட் 1952இல் கோபன்ஹேகனில் ஒரு காலி பீர் பாட்டிலில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்து ஆராய்ந்தபோது, மேகத்தின் குளிர்ச்சிக்கு ஏற்பக் கனமான ஆக்ஸிஜன் அணுக்களின் பங்கு மாறுவதைக் கண்டார். அதே விதிப்படி, கோடைப் பனியில் கனமான அணுக்கள் சற்றுக் கூடுதலாகவும் குளிர்காலப் பனியில் குறைவாகவும் இருக்கும். சூரிய ஒளியால் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கோடை அடுக்கில் உயர்ந்து நிற்கும். இந்த ஏற்ற இறக்கங்களை எண்ணிக்கொண்டே போனால் ஆண்டுக் கணக்கு கிடைக்கும். எண்ணியது சரிதானா என்று பார்க்க மைல்கற்களும் உண்டு: 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய கந்தகம் இரு துருவங்களிலும் படிந்திருக்கிறது, 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கமும் அப்படியே.

ஆனால் இரு கோடைகளுக்கு இடையிலுள்ள தடிமன்தான் அந்த ஆண்டின் பனிப்பொழிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேற்பரப்புப் பனி கன மீட்டருக்கு 350 கிலோ அளவில்தான் இருக்கும். பனிக்கட்டியோ 917 கிலோ. ஆகவே ஒவ்வோர் அடுக்கின் அடர்த்தியையும் அளந்து, உருகினால் எவ்வளவு நீர் என்ற கணக்குக்கு மாற்ற வேண்டும். மேலும், பனிப்பாளம் பிசைந்த மாவைப்போல மெல்லப் பக்கவாட்டில் வழிவதால் ஆழ்ந்த அடுக்குகள் இழுபட்டு மெலிந்திருக்கும். அந்த மெலிவையும் கணக்கிட்டுச் சரிசெய்ய வேண்டும். காற்றின் தொல்லை இவற்றைவிடப் பெரிது. ஒரு மேட்டின் பனியை வாரிப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிடும் என்பதால், ஒரே ஒரு தண்டை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை நான் நம்பமாட்டேன். பல தண்டுகளின் பல்லாண்டுச் சராசரிதான் பேசத்தக்கது.

கேள்வி: மூன்று கிலோமீட்டர் ஆழம் துளைக்கும்போது துளை மூடிக்கொள்ளாதா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மூடிக்கொள்ளும். அதனால்தான் ஆழமான துளையைப் பனிக்கட்டியின் அடர்த்திக்கு இணையாகக் கலந்த, உறையாத திரவத்தால் நிரப்பி வைக்கிறார்கள். பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகையை அடிப்படையாகக் கொண்டது. கம்பிவடத்தில் தொங்கும் துளைக்கருவி ஒவ்வொரு முறையும் சில மீட்டர் தண்டையே மேலே கொண்டுவரும். கிழக்கு அண்டார்க்டிகாவில் ஐரோப்பிய நாடுகள் கூட்டாகத் துளைத்த டோம் சி என்னும் இடத்தில், முதல் துளையில் கருவி 788 மீட்டரில் சிக்கிக்கொள்ள, பக்கத்திலேயே புதிதாகத் தொடங்கி 2004 டிசம்பரில் சுமார் 3,260 மீட்டரை எட்டினார்கள். நூறு மீட்டரை ஒட்டிய தண்டுகளுக்கு இந்தத் திரவமெல்லாம் தேவையில்லை.

கேள்வி: புவி வெப்பமானால் பனிப்பொழிவு குறையத்தானே வேண்டும்? கூடியிருக்கிறது என்று எங்கோ படித்தேன்.
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அண்டார்க்டிகாவில் பெரும்பாலான இடங்களில் காற்று எவ்வளவு சூடேறினாலும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும் என்பதால், அந்தக் கூடுதல் ஈரமும் பனியாகவே இறங்குகிறது. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் தென்மேற்கில் கோமெஸ் என்ற இடத்தில் பிரித்தானிய ஆய்வாளர்கள் எடுத்த 136 மீட்டர் தண்டில், 1850களில் ஆண்டுக்கு அரை மீட்டர் நீரளவாக இருந்த பனி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கிறது. எல்லாப் பகுதிகளிலும் இப்படி நடக்கவில்லை. கிழக்கு அண்டார்க்டிகாவில் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

அப்படியானால் கடல் மட்டம் உயராதே என்று மகிழ்ந்துவிட முடியாது. கண்டம் முழுவதற்குமான தண்டுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்கின்படி, இருபதாம் நூற்றாண்டில் கூடிய பனி கடல் மட்ட உயர்வைக் குறைத்தது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அளவுக்கே. கடலோரத்தில் பனியாறுகள் வேகம் பிடித்ததால், 2002 முதலான செயற்கைக்கோள் அளவீடுகளில் அண்டார்க்டிகா ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 15,000 கோடி டன் பனிக்கட்டியை இழந்துகொண்டிருக்கிறது. இந்த வரவையும் செலவையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரைகள் இருபக்கமும் மலிந்துவிட்டன.

கேள்வி: இந்தியா இதில் ஏதாவது செய்கிறதா?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: செய்கிறது. கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில் குளிர் அறைகளுடன் ஐஸ் கோர் ஆய்வகம் இருக்கிறது.

கேள்வி: பனிக்கட்டிக்குள் இருக்கும் காற்றுக் குமிழிக்கும் பனிக்கட்டிக்கும் ஒரே வயதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இல்லை, காற்று எப்போதும் இளையது. மேலடுக்குப் பனி இறுகி முடியும்வரை அதன் இடைவெளிகளில் வெளிக்காற்று போய்வந்துகொண்டிருக்கும். அடைபட்ட நாளில் உள்ளே எது இருந்ததோ அதுவே குமிழியில் தங்கும். இந்த வயது வேறுபாட்டைத் தீர்மானிப்பதில் பனிப்பொழிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அண்டார்க்டிகாவில் பனி கொட்டும் கடலோர லா டோம் என்னும் இடத்தில் வேறுபாடு சில பத்தாண்டுகளே என்பதால், தொழிற்புரட்சிக்கு முன் கார்பன் டையாக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்ததை அங்கே நுணுக்கமாகப் படிக்க முடிந்தது. உருக்கினால் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை செ.மீ. நீரே தேறும் டோம் சியிலோ வேறுபாடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஆனால் அந்த வறட்சிதான் அங்கே 8 லட்சம் ஆண்டுகளை ஒரே துளைக்குள் அடக்கியது. அதையும் தாண்ட எண்ணிய ஐரோப்பியக் குழு, பக்கத்திலுள்ள லிட்டில் டோம் சியில் துளைத்து 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறையைத் தொட்டது. அந்தத் தண்டு குறைந்தது 12 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்கிறது; அதன் ஆழத்தில் ஒரே மீட்டர் பனிக்கட்டிக்குள் 13,000 ஆண்டுகள்வரை நெருக்கி அமுங்கிக் கிடக்கின்றன.