அந்த வரியிலேயே போய் நிற்க: ஆவணத்தின் குறிப்பிட்ட இடத்துக்கே போகும் லிங்க் பற்றிச் சில கேள்விகள், சில பதில்கள்

கே: பிடிஎஃப் முகவரியின் கடைசியில் 47 என்று பக்க எண் கொடுத்தேன். திறந்தால் 31-ஆம் பக்கம் வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பிரவுசர் அட்டையிலிருந்து எண்ணுகிறது. நீங்கள் தாளின் அடியில் அச்சான எண்ணைப் பார்க்கிறீர்கள். அட்டை, பொருளடக்கம், முன்னுரை எல்லாம் சேர்ந்து 16 பக்கம் போயிருக்கும். 63 என்று கொடுங்கள். போன் செயலிகளில் பல இந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் முதல் பக்கத்தைத்தான் திறக்கும். அதனால் லிங்க்குக்குப் பக்கத்தில் 'அச்சில் பக்கம் 47' என்று எழுதியும் விடுங்கள்.

கே: லிங்க் வேலை செய்யவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.

எந்தக் கோப்பு, எதில் திறந்தீர்கள், சொடுக்கினால் என்ன நடந்தது? மூன்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். குருட்டாம்போக்கில் சொல்கிறேன்: ஐடியில், அதாவது லிங்க் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு வைத்த பெயரில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கும். அல்லது நடுவில் இடைவெளி விட்டிருப்பீர்கள். அல்லது ஒரே ஐடியை இரண்டு இடத்தில் வைத்திருப்பீர்கள்; அப்படியானால் முதலாவதில்தான் போய் நிற்கும்.

கே: ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கே லிங்க் எடுத்தேன். முகவரி அரைப்பக்கத்துக்கு நீள்கிறது. வைரஸா?

இல்லை, தமிழ். 'தமிழ்' என்ற சொல்லில் கணினி எண்ணுவது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத மூன்று எழுத்திடம். ஆக, இந்த ஒரு சொல்லுக்கே 45. முழு வாக்கியத்தைப் போடாமல் தொடக்கச் சொல், காற்புள்ளி, முடிவுச் சொல் என்று கொடுத்தால் போதும். குரோமில் இப்படி வாக்கியத்துக்கே போகும் லிங்க் 2020 முதல் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் 2024-இல்தான் சேர்த்தது. பழைய பிரவுசர் வைத்திருக்கும் நண்பருக்குப் பக்கம் திறக்கும், அந்த வாக்கியம் மட்டும் வண்ணமிட்டுத் தெரியாது.

கே: எங்கள் கையேட்டில் ஒரு தலைப்பைச் சற்றே மாற்றினோம். அதற்குப் போகும் லிங்க்குகள் எல்லாம் இப்போது பக்கத்தின் உச்சியில் நிற்கின்றன. ஏன்?

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். தலைப்பின் சொற்களிலிருந்து ஐடியைத் தானே செய்துகொள்ளும் மென்பொருளை நம்பியிருக்கிறீர்கள். தலைப்பு மாறினால் ஐடியும் மாறும். பழைய லிங்க் அநாதை. நான் பார்த்துக்கொண்ட ஒரு கையேட்டில் 'நிறுவுதல்' என்பதை ஒருவர் 'நிறுவும் முறை' என்று அழகுபடுத்தினார். அறுபது லிங்க் போல செத்தன. பல மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் இருப்பது, அதாவது ஐடி, சர்வருக்குப் போவதே இல்லை. பக்கம் ஒழுங்காகத் திறக்கும், 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழை வராது, சர்வரின் பதிவேட்டில் பிழை என்று ஒரு வரிகூட விழாது. வந்தவர் உச்சியில் நின்று கொஞ்சம் தேடிவிட்டுப் போய்விடுவார்.

தமிழில் இதைவிட மோசம். சில மென்பொருள்கள் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை, உரித்து எறிந்துவிடும். 'பதிவு' என்ற தலைப்பு 'பதவ' ஆகும். 'பதவி'யும் 'பதவ'தான்! இரண்டும் மோதினால் இரண்டாவதன் வாலில் ஒரு எண்ணை ஒட்டும். நாளைக்கு அத்தியாயங்களை இடம் மாற்றினால் எண்ணும் இடம் மாறும். பதவிக்குப் போகவேண்டியவர் பதிவுக்குப் போய்ச் சேருவார். இன்னும் சில மென்பொருள்கள் ஆங்கிலமல்லாத எதையுமே விடுவதில்லை. அவற்றில் ஐடி வெறும் எண்ணாகத்தான் மிஞ்சும்.

ஆகவே ஐடியை நீங்களே வையுங்கள். சிறிய ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, தலைப்பின் வார்த்தையைச் சாராமல். வைத்தபின் அதைத் தொடாதீர்கள். தலைப்பை வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கென்ன! ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழைய ஐடியைத் தாங்கிய வெற்று டேக் (ஹெச்டிஎம்எல் குறி) ஒன்றைத் தலைப்புக்கு மேலே வைத்தால் பழைய லிங்க்குகள் பிழைக்கும்.

கே: வேர்டில் வைத்த உள்லிங்க்குகள் பிடிஎஃப் ஆனதும் செத்துவிட்டன.

பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கியிருப்பீர்கள். பிரிண்டருக்குப் போனால் அது மைதான், லிங்க் எங்கே இருக்கும்? 'சேவ் ஆஸ்' வழியாகப் போங்கள்.

கே: எக்செல்லில் ஷீட்டின் பெயரை மாற்றினேன், லிங்க் போச்சு.

அதே கதை. அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயருக்கு லிங்க் கொடுங்கள். பெயரை, மறுபடியும் சொல்கிறேன், நீங்களே வையுங்கள்.

கே: லிங்க் சரியான இடத்துக்குப் போகிறது. ஆனால் தலைப்பு மேல்பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தத் தலைப்புகளுக்கு 'ஸ்க்ரோல் மார்ஜின் டாப்' கொடுங்கள். பட்டையின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.