ஓய்வுக்காலப் பணத்தில் போர்க்கால ஜீப் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. காரைக்குடியில் கணக்கு எழுதும் வேலை. அடுத்த ஆண்டு ஓய்வு. கையிருப்பு 22 லட்சம், எல்லாம் வங்கி டெபாசிட்டில். தேவகோட்டையில் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பை 9 லட்சத்துக்குத் தருகிறார். நாலு வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார். ராணுவப் பச்சை அடித்து, கானாடுகாத்தான் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட நினைக்கிறேன். பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளலாம். வாங்கலாமா?

பதில்: டெபாசிட்டை உடைத்து வாங்காதீர்கள்.

ஆசையைக் குறை சொல்லவில்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒரு பூட்டு வாங்கப் போய், எனாமல் தூக்குகளோடு திரும்பியவன் நான். ஆனால் அது மாதச் செலவில் போன காசு. நீங்கள் தொடப்போவது மொத்தச் சேமிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் அந்த 9 லட்சம் வருஷத்துக்கு 63,000 ரூபாய் கொடுக்கும். ஜீப் கொடுக்காது, கேட்கும். நாலு வருஷத்தில் இரட்டிப்பாக வேண்டுமானால் ஆண்டுக்கு 19 சதவீதம் ஏற வேண்டும். அதற்கு யார் ஜாமீன்?

அப்புறம், அது போர்க்கால வண்டிதானா? வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் போரின்போது ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன, உண்மைதான். ஆனால் அதே சாயலில் மஹிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் ஜீப் தயாரித்தது. போர் ஜீப்பின் முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருக்கும், பின்னால் வந்த சிவில் ஜீப்பில் ஏழு. இதை மட்டும் எண்ணிவிட்டு நம்பாதீர்கள். கிரில்லை மாற்றுவது பட்டறையில் ஒரு நாள் வேலை. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிய ஜீப்புகள் நம் பக்கம் ஏராளம். ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டியைப் பதிவு செய்ய, படிவம் 21இல் ராணுவத்தின் விற்பனைச் சான்றிதழ் வேண்டும். பதிவே இல்லாத வண்டி என்றால், எத்தனை பளபளப்பாக இருந்தாலும் பழைய இரும்பு விலைதான்.

பச்சை நிறத்தை மறந்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

வாடகை வருமானத்தையும் கணக்கில் பூஜ்யம் என்றே எழுதுங்கள். 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு: கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்தாண்டு, எண்ணில் 'விஏ' என்று வரும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுது போன்றவற்றுக்குத்தான் அது சாலையில் ஓடலாம், வணிகத்துக்குக் கூடாது. சாதாரண வெள்ளை போர்டு வண்டியையும் வாடகைக்கு ஓட்ட முடியாது.

விற்கும்போது வரி? சொந்த உபயோகப் பொருள் என்றால் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931ஆம் ஆண்டு ஃபோர்டு காரை 21 லட்சத்துக்கு விற்றவரிடம், உபயோகித்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, வரி உண்டு என்றது மும்பை உயர் நீதிமன்றம். விண்டேஜ் பதிவில் வண்டி அதிகம் ஓடாது. அப்போது அந்த ஆதாரத்துக்கு எங்கே போவீர்கள்? ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கொட்டகை விஷயம் சின்னதுதான், ஆனாலும் பூர்வீக வீடு என்கிறீர்கள். பங்காளிகள் எத்தனை பேர்? வண்டி வந்த பிறகு கேட்பதைவிட இப்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

சரி, ஆசை விடவில்லை என்றால் அடுத்த ஆண்டு பணிக்கொடை வரட்டும். மூன்று வருஷ வீட்டுச் செலவை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வாங்குங்கள். இரட்டிப்பாகும் என்பதற்காக இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து கையில் கிரீஸ் பூசிக்கொள்வதற்காக.

அதுவரை தேவகோட்டைக்காரரிடம் ஆர்.சி. நகல் மட்டும் கேட்டுப் பாருங்கள். "முன்பணம் கொடுங்கள், பேப்பரை அப்புறம் பார்க்கலாம்" என்றால், டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.