திரும்பத் திரும்ப வரும் ஆட்டோமேட்டிக் கியர் பழுது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன் ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். 6,200 கி.மீ. ஓடியிருக்கிறது. மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி உதறுகிறது. மூன்று முறை எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி நகரவில்லை. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. நான்கு முறை சர்வீஸ் சென்டரில் விட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் “சாஃப்ட்வேர் போட்டாச்சு, இப்ப நார்மல்” என்கிறார்கள். பத்தே நாளில் மறுபடியும் வருகிறது. என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: “அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு” என்று எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் நான்கு ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகாரை எழுதித் தரும் சர்வீஸ் தாள்) ஒன்றிலாவது இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் “கியர் ஜெர்க், செக்” என்றுதான் எழுதியிருப்பார்கள். காலையில் விட்ட வண்டியை, கிளட்ச் ஆறிக் கிடக்கும் நேரத்தில், காலி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்குக்கும் பழுது சிக்காது. சூட்டில் வரும் பழுதைச் சூட்டில்தான் பிடிக்க வேண்டும்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச் உண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. கிளட்சை மிதித்து விடும் வேலையை உங்கள் காலுக்குப் பதில் கம்ப்யூட்டரும் மோட்டார் அல்லது எண்ணெய் அழுத்தமும் செய்கின்றன. இதிலும் உலர் கிளட்ச், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என இரு வகை. நம்மூரில் ஓடும் ஏழு கியர் வண்டிகளில் உலர் வகை நிறைய. நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு, பாதி பிடித்து ஊரும்போது அந்தக் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் சூடு. எண்ணெய் இல்லாததால் சூடு போக வழி குறைவு. அளவு மீறினால் கம்ப்யூட்டரே கிளட்சைத் திறந்துவிடும். வண்டி நகராமல் நிற்பது அதனால்தான். ஆறியதும் பழையபடி ஓடும்.

அப்படியானால் இது இயல்புதானா? சூட்டு எச்சரிக்கை எப்போதோ ஒருமுறை, கடும் ஏற்றத்தில் வந்தால் இயல்பு. சமதளத்தில், 6,200 கி.மீ. வண்டியில், பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் இயல்பு அல்ல. கிளட்ச் பிடிக்கும் புள்ளி தவறாகப் பதிவாகியிருக்கலாம், கிளட்ச் தட்டில் எண்ணெய் கசிந்து படிந்திருக்கலாம், இயக்கும் மோட்டாரோ வால்வோ மந்தமாக இருக்கலாம். எது என்று சொல்லப்போவது கம்ப்யூட்டரில் பதிவான ‘கோடு’, அதாவது பழுதுக் குறியீட்டு எண். அதைத்தான் நான்கு முறையும் அழித்து அனுப்பியிருக்கிறார்கள். கோடு போனது, பழுது போகவில்லை.

அடுத்த முறை விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, லீவரை ‘பி’யில் (பார்க்கிங்) போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை ஓடவிட்டே ஆறவிடுங்கள். பல நிறுவனங்களின் கையேடு இப்படித்தான் சொல்கிறது. உங்கள் கையேட்டில் உள்ள பக்கத்தை ஒருமுறை படித்து வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் டேஷ்போர்டைப் படம் எடுங்கள். எச்சரிக்கை வாசகம், ஓடிய கிலோமீட்டர், வெளி வெப்பநிலை, நேரம் ஆகிய நான்கும் அதில் தெரிய வேண்டும். பக்கத்தில் யாராவது இருந்தால், லீவரை ‘பி’யில் போடும் முன், ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) முள் ஏறுவதையும் வேகமுள் அசையாமல் இருப்பதையும் பதினைந்து நொடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் மிதிக்க வேண்டாம்.

பிறகு ஜாப் கார்டு. சர்வீஸ் அட்வைசர் தன் பாணியில் சுருக்கி எழுத விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: “மாலை நெரிசலில் சுமார் 30 நிமிடம் ஊர்ந்த பின், சமதளத்தில், ஏசி ஓடும்போது, 1–2 கியர் மாற்றத்தில் உதறல். இன்ன தேதியில், இன்ன கிலோமீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை முற்றிலும் நின்றது. இது ஐந்தாவது புகார். முந்தைய ஜாப் கார்டு எண்கள் இவை.” இதற்குக் கீழே இரண்டு கோரிக்கை: கோடு எண்ணை அழிக்கும் முன் ஸ்கேன் அறிக்கையின் அச்சுப்பிரதி, ஸ்கேனர் மாட்டியபடி உங்களையும் ஏற்றிக்கொண்டு மாலை ஆறு மணிக்கு நாற்பது நிமிட ஓட்டம். கையெழுத்து போடும் முன் இரண்டும் கார்டில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் கோடு எண் மட்டும் போதாது. கோடு விழுந்த கணத்தில் வேகம், ஆர்பிஎம், கிளட்ச் வெப்பநிலை, பேட்டரி வோல்ட் என்னவாக இருந்தது என்ற பதிவும் கூடவே இருக்கும். அதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். பெயரைச் சொல்லியே கேளுங்கள். பி-0218 என்றால் கியர்பாக்ஸ் சூடு, பி-0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, பி-0562 என்றால் மின்அழுத்தம் குறைவு. கடைசியாகச் சொன்னது வந்திருந்தால் கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பேட்டரியையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே விழக் கூடாது. மின்சாரம் தடுமாறினால் கியர் கம்ப்யூட்டரும் தடுமாறும்; இல்லாத பழுதையெல்லாம் காட்டும்.

சாஃப்ட்வேரும் கிளட்ச் புள்ளியை மறுபடி கற்பிக்கும் ‘அடாப்டேஷ’னும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியவைதான். செய்த பிறகு 500 கி.மீ.க்குள் அதே உதறல் வந்தால் அது பொருளில் உள்ள பழுது. ஐந்தாவது முறை அதையே செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். இறக்கும் அன்று போய், கழற்றிய தட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அளவு மீறிய சூடு. உராயும் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்கி வழுக்கிக் கருகியது. விரலில் பிசுக்கென்று எண்ணெய் ஒட்டினால் எஞ்சின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீலோ கசிகிறது. சீலை மாற்றாமல் புதுக் கிளட்ச் மட்டும் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பும். திரும்பத் திரும்ப வரும் பழுதுகளில் அடிக்கடி தவறவிடப்படும் இடம் இதுதான். புதிதாகப் போடும்போது சில கியர்பாக்ஸ்களில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையங்களை அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கியர்பாக்ஸில் அது உண்டென்றால், அளந்த அளவு ஜாப் கார்டில் இருக்கட்டும்.

“கிளட்ச் தேயும் பொருள், வாரன்டி இல்லை” என்பார்கள். தேய்மானம் வேறு, பழுது வேறு. 6,200 கி.மீ.யில் கிளட்ச் தேய்ந்து போயிற்று என்றால் ஏன் தேய்ந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இதே பிரச்னைக்கு “நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை” என்கிறார்கள். இருபது வருடமாக ஓட்டுகிறேன். உண்மையிலேயே என் தவறாக இருக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஓட்டும் முறைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. முன் வண்டி ஓரடி நகர்ந்தால் நீங்களும் ஓரடி நகரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு கார் நீளம் இடம் கிடைத்த பிறகு பிரேக்கை முழுதாக விட்டு நகருங்கள். நிற்கும்போது முழுதாக மிதியுங்கள். பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது கிளட்சைத் தீயில் காட்டுவதற்குச் சமம். ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றால் சந்தோஷம். நிற்கவில்லை என்றால், ஒரு வாரம் இப்படி ஓட்டியும் வந்தது என்பதையும் ஜாப் கார்டில் ஏற்றுங்கள்.

ஆனால் சர்வீஸ் சென்டரின் இந்தப் பதிலைக் கேட்டுத் தலைகுனிந்து வரத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் தன் ‘பவர்ஷிஃப்ட்’ எனும் உலர் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வண்டிகள் உதறுவதாகப் புகார் சொன்னவர்களிடம் இதையேதான் சொன்னது. 2018இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வட அமெரிக்காவில் அதே கியர்பாக்ஸின் ஷாஃப்ட் சீலுக்கும் கிளட்சுக்கும், அதன் கம்ப்யூட்டருக்கும் அந்த நிறுவனமே வாரன்டியை நீட்டித்தது. 2013இல் வோக்ஸ்வேகன் தன் ஏழு கியர் டிஎஸ்ஜி (அந்நிறுவனத்தின் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்) வண்டிகள் சுமார் 16 லட்சத்தைத் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெயை மினரல் எண்ணெயாக மாற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நெரிசலில், அந்த எண்ணெயால் மின்இணைப்பில் ஷார்ட் ஆனதே காரணம். ஓட்டியவர்களின் கால் அதற்கு ஒன்றும் செய்திருக்க முடியாது.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி. கொடைக்கானல் ஏற்றத்தில் ‘என்’ (நியூட்ரல்) மின்னிக் கியர் விழவில்லை. இறங்கிய பின் ஒன்றுமில்லை. இதற்கும் இதே வழிதானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு இயந்திரக் கை பூட்டியிருக்கிறார்கள். கியர் மாறும்போது தலை முன்னால் ஆடுவது அதன் குணம், பழுதல்ல. ‘என்’ மின்னுவது பழுது. அந்தக் கை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகை என்றால் தனியாக ஒரு சிறு எண்ணெய்த் தொட்டி இருக்கும். அளவு குறைந்திருக்கிறதா, குழாய் இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் டிரைவர் கதவைத் திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்று பம்ப் ஓடும் சத்தம் பல வண்டிகளில் கேட்கும். அது வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடினாலோ, நிறுத்திய வண்டியில் அடிக்கடி ஓடினாலோ அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோய்க் காட்டுங்கள். மலையில் ‘எம்’ (மேனுவல்) நிலைக்கு மாற்றி, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கீழ்க் கியர் போடுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் பிடியுங்கள்.

கேள்வி: சிவிடி கார். மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கிறது. கிளட்ச் வழுக்குகிறதோ?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் கொண்ட சிவிடியின் இயல்பே அதுதான். சீரான வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் முள் தானாக மேலும் கீழும் ஆடினாலோ, ரீங்காரம் போன்ற ஊளைச் சத்தம் வந்தாலோ மட்டும் காட்டுங்கள். எண்ணெய் மாற்றும்போது சிவிடிக்கென்று குறிப்பிட்ட எண்ணெய்தானா என்று பில்லைப் பாருங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். கப்பியில் கீறல் விழுந்துவிட்டால் சரிசெய்ய முடியாது.

கேள்வி: 14 லட்சம் கொடுத்து வாங்கிய கார். கியர்பாக்ஸுக்காக ஆறு முறை உள்ளே போய்விட்டது. புது வண்டியே மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: போடலாம். ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து போடுங்கள். மாருதி கார் ஒன்றின் கிளட்ச் பழுது பற்றிய வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரன்டியின்படி நிறுவனத்தின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் என்று சொல்லி, காரையே மாற்றித் தரும் உத்தரவை ஏற்கவில்லை. முழு வண்டியோ பணமோ வேண்டுமென்றால் தயாரிப்புக் குறை என்பதை நிபுணர் அறிக்கையோடு நிறுவ வேண்டியிருக்கும். அதனால் கோரிக்கையை ஒன்றாக வைக்காதீர்கள். புது வண்டி அல்லது பணம். அது இல்லையென்றால் புது கியர்பாக்ஸும் நீட்டித்த வாரன்டியும். இரண்டிலும் வண்டி இல்லாத நாட்களுக்கான இழப்பீடு என்று படிப்படியாகக் கேளுங்கள்.

முதலில் விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆறு ஜாப் கார்டு, ஸ்கேன் அறிக்கைகள், வண்டி எத்தனை நாள் உள்ளே நின்றது என்ற கணக்கு எல்லாம் இணையட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; ‘அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்’ என்று இழுத்தடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். மனுவோடு கூடவே, வண்டியைத் தகுந்த ஆய்வகத்தில் சோதிக்க உத்தரவிடும்படி கேளுங்கள். பல வழக்குகளின் முடிவு அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. காரை உங்கள் கம்பெனியின் பெயரில் வாங்கியிருந்தால், வணிகப் பயன்பாடு என்ற வாதம் வரும். வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோபத்தில் கடன் தவணையை நிறுத்த வேண்டாம். வங்கிக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. கெடுவது உங்கள் கடன் வரலாறுதான்.

வெளிக்கடையில் ஹாரன், விளக்கு என்று ஒயரை வெட்டிச் சேர்த்திருந்தால் இப்போதே பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். வாரன்டியை மறுக்க அவர்கள் முதலில் தேடும் இடம் அது.

கேள்வி: ரோட்டில் கியர் விழாமல் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. முன்சக்கர இழுவை ஆட்டோமேட்டிக் வண்டியை, முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸின் உள்பாகங்கள் சுற்றும். எஞ்சின் ஓடாததால் பல கியர்பாக்ஸ்களில் எண்ணெய்ப் பம்ப் சுற்றாது. சின்னப் பழுதோடு நின்ற கியர்பாக்ஸ், பட்டறை போய்ச் சேர்வதற்குள் உள்ளே தேய்ந்துவிடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டி வேண்டும் என்று ரோடு அசிஸ்டன்ஸ் எண்ணில் சொல்லுங்கள். வந்த வண்டி முன்சக்கரத்தை மட்டும் தூக்கும் வகை என்றால், முன்சக்கர இழுவைக் காருக்கு அதுவும் சரிதான். பின்பக்கம் உருள்வதற்கு ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால், பேட்டரியில் உயிர் இருக்கும்போதே விடுவித்து விடுங்கள்.