அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன், பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, திருமணம் ஆகவில்லை. மதுரையில் அம்மாவோடு இருக்கிறேன். அவருக்கு 72 வயது, பார்க்கின்சன் நோய். அவரைக் கவனிக்க, தனியார் பள்ளியில் 14 வருடம் பார்த்த கணக்காளர் வேலையை இரண்டு வருடத்துக்கு முன் விட்டேன். அண்ணன் சென்னையில், தம்பி சிங்கப்பூரில். இருவரும் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். என் சேமிப்பு கரைந்துவிட்டது. பி.எஃப்.-ஐ எடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குத் தொடாதீர்கள். வேலையில் இல்லாவிட்டாலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 10 வருட வேலையைத் தாண்டியவர் என்பதால் 58 வயதில் மாத ஓய்வூதியமும் உண்டு. 50-லேயே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘மருந்துச் செலவுக்கு’ என்ற சொல்தான். மருந்துக்குப் பணம் வருகிறது, சரி. அதை வேளை தவறாமல் கொடுத்து, குளிப்பாட்டி, ராத்திரி நாலு தடவை எழுந்து கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிற ஆளுக்கு? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் குழந்தைகளையோ பெரியவர்களையோ பராமரிப்பவர்கள் 15-59 வயதுப் பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21 சதவீதம். உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளில் ஒருவர்.

நீங்கள் கணக்காளர், ஒரு கணக்கு போடுங்கள். மதுரையில் இரண்டு ஹோம் நர்சிங் ஏஜென்சிகளுக்குப் போன் செய்து, பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் என்றால் மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையையும் நீங்கள் விட்ட சம்பளத்தையும் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பெற்ற தாய்க்குச் செய்யக் கூலியா என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் செய்யாதவர்கள்தான் கேட்பார்கள். மாதாமாதம் ஒரு தொகை அம்மா கணக்குக்கு இல்லாமல் உங்கள் கணக்குக்கு வரட்டும். உடன்பிறந்தவர்கள் தரும் பணத்துக்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது, எவ்வளவு என்றாலும். அதிலிருந்து முதலில் உங்கள் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு, அப்புறம் பி.பி.எஃப். (யாரும் தொடங்கக்கூடிய பொது சேமநிதிக் கணக்கு), வருடத்துக்கு 500 ரூபாய் போட்டால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும்.

அரசிடம் வாங்க வேண்டியதையும் விடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சனும் உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கும் கேளுங்கள். அம்மா அண்ணனைச் சார்ந்திருப்பவர் என்றால், பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்றிதழோடு பழைய வருமான வரி முறையில் அண்ணனுக்கு 75,000 ரூபாய் கழிவு கிடைக்கும். அந்தக் கழிவுக்குக் காரணம் யார் என்று அவருக்கு ஞாபகப்படுத்தலாம். 70 வயது தாண்டியவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டை (மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) கிடைக்குமா என்றும் விசாரியுங்கள், மருத்துவமனையில் சேர்த்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை செலவு அதில் அடங்கும்.

கடைசியாக வீடு. அது அம்மா பெயரில் இருந்து உயில் இல்லாவிட்டால் மூவருக்கும் சம பங்கு, விற்றுப் பிரிக்கச் சொன்னால் நீங்கள் எங்கே போவீர்கள்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இந்த நோயில் நினைவும் தடுமாறலாம் என்பதால், அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் விருப்பப்படி, இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதட்டும். டாக்டர் சான்றிதழ் ஒன்றும் இணைத்தால் நல்லது.

அண்ணன் கோபித்துக்கொண்டால் வாதாட வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டு அம்மாவோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் எங்காவது போய் நன்றாகத் தூங்குங்கள்.