யேலில் பாட்டுக் குழுவில் சேரலாமா என்று கேட்ட தங்கைக்கு

மதுரையிலிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தாய். வளாகத்தில் யாரைப் பார்த்தாலும் 'அகபெல்லா ஆடிஷன்' என்று ஓடுகிறார்கள், பக்கவாத்தியமே இல்லாமல் வெறும் வாயால் பாடும் குழுக்களாம், பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் படித்த நான் போகலாமா, எனக்கு வெஸ்டர்ன் நோட்டேஷன் தெரியாதே, படிப்பு கெட்டுவிடுமா, 'விஃபன்பூஃப்ஸ்' என்ற பெயரை மட்டும் எல்லோரும் அவ்வளவு மரியாதையோடு சொல்கிறார்களே அது என்ன, இதெல்லாம் உன் கேள்விகள்.

போ. கண்டிப்பாகப் போ. யேல் இருக்கும் இந்த நியூ ஹேவன் ஊருக்கு நான் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பாட்டைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் குழுக்களின் கதை தெரியாமல் போனால், அங்கே இருக்கும் எல்லாமே உனக்கு முன்பே முடிவாகிவிட்ட மாதிரி தோன்றும். நாம் வெளியாள் என்று நீயாகவே ஒதுங்கிவிடுவாய். அதனால்தான் கதையை முதலில் சொல்கிறேன்.

யேலில் கிளீ கிளப் என்ற பாடகர் குழு 1861-லேயே தொடங்கிவிட்டது. மேடை, கச்சேரி, நடத்துநர் எல்லாம் உள்ள பெரிய குழு. அதில் நன்றாகப் பாடும் மாணவர்கள் ஐந்து பேர் வாரம் ஒருமுறை டெம்பிள் தெருவில் இருந்த மோரிஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் கூடி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1909-ல் அந்த ஜமாவுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஓர் இசை நாடகத்தில் ஒரு நகைச்சுவை நடிகர், இல்லாத ஒரு மீனைப் பற்றிக் கதை அளப்பார். அந்த மீனின் பெயர் விஃபன்பூஃப். ஐவரில் ஒருவரான டென்டன் ஃபௌலருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. அவ்வளவுதான், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ரகசியம். அமெரிக்கக் கல்லூரி அகபெல்லா குழுக்களில் மிகப் பழையது இதுதான்.

அவர்களுடைய அடையாளப் பாட்டும் அப்போது பிறந்ததுதான். ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரு கவிதையை மீட் மின்னிகரோட், ஜார்ஜ் பொமராய் என்ற இருவர் தங்கள் கல்லூரிக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்கள். கிப்ளிங் எழுதியது, நல்ல குடும்பத்தில் பிறந்து சீரழிந்து, பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர்களின் புலம்பல். இவர்கள் அந்தச் சோகத்தை அப்படியே எடுத்து, கல்லூரி முடிந்து பிரியப்போகும் நண்பர்களின் சோகமாக ஆக்கிவிட்டார்கள். கடைக்காரர் லூயி லிண்டரின் பெயரும் பாட்டுக்குள் இருக்கிறது. வழிதவறிய ஆட்டுக்குட்டிகள் நாங்கள் என்று சொல்லி, நடுவே குட்டி கத்துவது மாதிரியே மூன்று முறை கத்துவார்கள். யேலில் படித்த ரூடி வாலி 1937-ல் அதை இசைத்தட்டில் பாடினார். 1947-ல் பிங் கிராஸ்பி பாடியபோது நாடு முழுக்கத் தெரிந்த பாட்டாகிவிட்டது.

நான் முதலில் கேட்டது ஒரு திங்கட்கிழமை இரவு. அப்போது நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவர் எங்கள் ஆறு பேரை மோரிஸுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். 1912-லேயே கடை யார்க் தெருவுக்கு மாறிவிட்டது. பழைய மாணவர்கள் பெயர் செதுக்கிய மரப்பலகைகள், சுவர் முழுக்கப் படங்கள். எனக்கு ஊர் புதுசு, குளிர் புதுசு, எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று கூடத் தெரியவில்லை. திடீரென்று வால் வைத்த கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகப் பதினான்கு பையன்கள் வந்து எங்கள் மேசையைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். ஒருவன் சின்ன ஊதுகுழலில் ஒரு சுரம் மட்டும் ஊதினான். அடுத்த நொடி அந்தப் பதினான்கு வாயிலிருந்தும் ஒரே பெரிய ஓசை எழுந்தது. என் நாற்காலியின் முதுகுப்பலகை அதிர்ந்ததை இன்னும் என்னால் உணர முடிகிறது. கோயில் மணியை அடித்து முடித்த பிறகு தூணில் கை வைத்தால் ஓர் அதிர்வு இருக்குமே, அது மாதிரி. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கே வாத்தியமே இல்லாமல் கச்சேரி பண்ணுகிறார்கள் என்று சொன்னேன்.

அழகு ஒருபக்கம். அந்த மேசை யாருடைய மேசை என்பது இன்னொரு பக்கம். யேல் இளங்கலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்ததே 1969-ல்தான். உறுப்பினர்களுக்கான கிளப்பாக ஆகிவிட்டிருந்த மோரிஸ் அதற்கப்புறமும் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. மதுபான உரிமம் வரைக்கும் வழக்கு போய், 1974-ல்தான் கதவு திறந்தது. விஃபன்பூஃப்ஸில் பாடியவர்களின் பட்டியலைப் பார்த்தால் பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான கோல் போர்ட்டர் இருப்பார், செனட்டரான பிரெஸ்காட் புஷ் இருப்பார். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் அப்பா, இன்னொருவரின் தாத்தா அவர். அதாவது, பாட்டோடு சேர்ந்து ஒரு வாழ்நாள் அறிமுகமும் அந்த மேசையில் கிடைத்தது. அது நம் போன்றவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

எட்டாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மாசசூசெட்ஸில் இருக்கும் ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரியில் 1936-லேயே ஒரு குழு தொடங்கி, 'ஸ்மிஃபன்பூஃப்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் குழுக்களில் மிகப் பழையது அது. யேலில் பெண்கள் நுழைந்த அதே 1969-ல் 'நியூ ப்ளூ' என்ற குழுவைத் தொடங்கிவிட்டார்கள். வந்த முதல் வருஷமே! விடுதி, வகுப்பு எல்லாம் ஆண்களுக்காகவே கட்டிய இடத்தில், நமக்கும் ஒரு பாட்டுக் குழு வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். 1981-ல் இறுதியாண்டுப் பெண்களுக்காக 'விம் அண்ட் ரிதம்' வந்தது. கடைசியில் 2018-ல் விஃபன்பூஃப்ஸே முதல்முறையாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. 109 வருஷம் ஆகியிருக்கிறது பார்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1996-ல் ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய வம்சாவளிப் பையன்கள் 'பென் மசாலா' என்று ஒரு குழு தொடங்கினார்கள். இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் ஒன்றாகக் கோத்து, வெறும் குரலில் பாடுவது. தெற்காசிய அகபெல்லாவுக்கு அதுதான் முதல் விதை. 2009-ல் ஒபாமா வெள்ளை மாளிகையில் தீபாவளி கொண்டாடியபோது அவர்கள் பாடினார்கள். 2015-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்திலும் தலைகாட்டினார்கள். 2002-ல் ஸ்டான்ஃபோர்டில் 'ராகபெல்லா' வந்தது. இன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு குழு இருக்கும், உன் யேலிலும் உண்டு. அதற்கும் ஆடிஷன் கொடு, ஆனால் அதற்கு மட்டும் கொடுக்காதே. நம்மவர் குழு இருக்கிறது, நமக்கு அது போதும் என்று முதல் வருஷத்திலேயே சுருங்கிவிடாதே. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்.

சரி, உன் சங்கீதத்துக்கு வருவோம். நம் ஊரில் இதைக் கேட்டதே இல்லை என்று எழுதியிருந்தாய். கேட்டிருக்கிறாய். 1993-ல் வந்த 'திருடா திருடா' படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டை நினைத்துப் பார். ரஹ்மான் அதில் குரல்களைத்தான் அடுக்கியிருப்பார். பின்னால் அலை அலையாக எழும்பும் குரல்கள்தான் அங்கே வாத்தியம். இங்கே முன்பெல்லாம் நாலு பாகமாகப் பிரிந்து அடக்கமாகப் பாடுவதுதான் வழக்கம். தொண்ணூறுகளில் போக்கு மாறியது. கிட்டாரின் மீட்டல், டிரம்ஸின் அடி எல்லாவற்றையும் வாயால் செய்ய ஆரம்பித்தார்கள். பாஸ்டன் பக்கத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பீல்ஸபப்ஸ் குழு அதில் பெரிய பாய்ச்சல் காட்டியது. 1996-ல் கல்லூரிகளுக்கிடையே போட்டியும் தொடங்கியது. இன்று ஒவ்வொரு குழுவும் வாயால் தாளம் போட ஆள் தேடுகிறது. கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது, கொஞ்சம் பழகியிருக்கிறேன் என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதை ஓரத்தில் வைக்காதே. ஆடிஷனில் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல், இரண்டு ஆவர்த்தனம் செய்து காட்டு.

உனக்குக் கஷ்டமாக இருக்கப்போவது வேறு. நாம் தனிக்குரலுக்குப் பழகியவர்கள். கமகம் போட்டு, சுரத்தை அசைத்து, நம் குரல் தனியாகத் தெரிய வேண்டும் என்றுதான் பாட்டு டீச்சர் சொல்லித் தந்திருப்பார். இங்கே பக்கத்தில் நிற்பவளின் குரலுக்குள் உன் குரல் கரைய வேண்டும். 'ஆ' என்றால் பதினாறு பேருக்கும் வாய் ஒரே மாதிரி திறக்க வேண்டும். சுரம் அசையக் கூடாது. நீ பாடுவது பாட்டின் மெட்டாகக்கூட இருக்காது. நாலு நிமிஷமும் 'டூ டூ' என்று ஒரே சுரத்தில் நிற்க வேண்டியிருக்கும். இது கீழான வேலை என்று நினைத்துவிடாதே. தம்புரா செய்யும் வேலை அதுதானே?

தம்புரா என்றதும் இன்னொன்று. இவர்கள் ஆரம்பத்தில் ஒரே ஒரு சுரம் ஊதிவிட்டுப் பாடத் தொடங்குகிறார்கள். அப்புறம் பிடித்துக்கொள்ளப் பின்னால் எதுவும் ஒலிக்காது. அதனால் பாட்டு முடிவதற்குள் குழு மொத்தமாக அரைச் சுரம் கீழே இறங்கியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. என் மகளின் குழு எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது கண்ணெதிரே பார்த்தேன். பாட்டு முடிந்ததும் பிட்ச் பிடிப்பவள் குழலை மறுபடி ஊதினாள். எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. சமையலறையில் நின்று கேட்ட எனக்கு மூன்றாவது வரியிலேயே அது தெரிந்துவிட்டது, சின்ன வயதில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்த காது. உன் காது என்னுடையதைவிடப் பத்து மடங்கு பழகிய காது. அதுதான் நீ கொண்டுபோகும் சொத்து. நோட்டேஷனை இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். அவர்களுடைய 'டோ'வும் நம் 'ஸா' மாதிரி எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும் என்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

என் மகள் படித்தது வேறு கல்லூரி. முதல் வருஷம் இரண்டு குழுக்கள் அவளை வேண்டாம் என்றுவிட்டன. தேர்வானவர்களின் அறைக்குக் குழுவே பாடிக்கொண்டு ஓடி வந்து கதவைத் தட்டும் வழக்கம் அங்கேயும் உண்டு. பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்கள், இவள் கதவைத் தட்டவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்து ஒரு வார்த்தை பேசாமல் அழுதாள். மூன்றாவதாக ஒரு சின்னக் குழு, அடுத்த வாரம், மின்னஞ்சலில் கூப்பிட்டது. அந்தக் குழுவில் இருந்த நாலு பேர்தான் இன்றைக்கும் அவளுக்கு உயிர். யேலில் இந்த இரவுக்கு 'டேப் நைட்', அதாவது தட்டும் இரவு, என்று பெயர். ஓல்ட் கேம்பஸ் முழுக்க ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும். அன்றைக்கு உன் கதவு தட்டப்படாவிட்டால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்.

படிப்பு? வாரத்துக்கு மூன்று நாலு ஒத்திகை, வார இறுதியில் நிகழ்ச்சி, விடுமுறையில் பயணம் என்று நேரம் போகும், மறைக்கவில்லை. சேரும் முன்பே குழுவில் இருக்கும் யாரையாவது பிடித்து வார அட்டவணையைக் கேள், கூச்சப்படாதே. விஃபன்பூஃப்ஸில் சேர்பவர்கள் மூன்றாம் வருஷத்துக்கும் நாலாம் வருஷத்துக்கும் நடுவே ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு உலகம் சுற்றிப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருந்தாய். முன்பு அப்படித்தான் வழக்கம், இப்போது எப்படி என்று குழுவிடமே கேட்டுக்கொள். உனக்கு அது இப்போது தூரத்து விஷயம். ஆனாலும் மனசில் வைத்துக்கொள்: நீ இருப்பது மாணவர் விசாவில். படிப்பை நிறுத்தினால் இங்கே தங்கும் உரிமையும் நின்றுவிடும், திரும்பி வரக் காகிதமெல்லாம் புதிதாகத் தயார் செய்ய வேண்டியிருக்கும். பாடுவதற்கு யாராவது உன் கையில் தனியாகக் காசு கொடுக்கிறேன் என்றாலும் உடனே வாங்காதே. இரண்டுக்கும் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். கூடப் பாடும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை கிடையாது, அதனால் அவர்களுக்கு உனக்குச் சொல்லவும் தோன்றாது.

ஆடிஷனுக்கு ஆங்கிலப் பாட்டு ஒன்று வேண்டும், அதோடு உனக்கு நன்றாக வரும் தமிழ்ப் பாட்டு ஒன்றிலிருந்து நாலு வரி வைத்துக்கொள். சனிக்கிழமை காலை வீட்டுக்கு வா. மகளின் பழைய பிட்ச் குழல் அலமாரியில்தான் கிடக்கிறது, எடுத்துத் துடைத்து வைக்கிறேன். நீ மேல் பாகம் பாடு, நான் கீழே ஸாவைப் பிடித்துக்கொள்கிறேன். சுருதி இறங்குகிறதா என்று பார்ப்போம். இட்லி மாவு வெள்ளிக்கிழமையே அரைத்துவிடுவேன்.