சிபேப் கருவிக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு வயது 46. பலத்த குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறது. வீட்டிலேயே ஓர் இரவு கருவி மாட்டி ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். ‘ஸ்லீப் ஆப்னியா, ஏ.எச்.ஐ. 12, சிபேப் தேவை’ என்று ஒரு பக்கத் தாள் வந்தது. ஸ்லீப் ஆப்னியா தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாம்; சிபேப் மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவியாம். தாங்கள் சொல்லும் விற்பனையாளரிடம்தான் கருவி வாங்க வேண்டும் என்கிறது மருத்துவமனை. எண் 15-க்குக் கீழே இருப்பதால் பணம் கிடையாது என்று காப்பீட்டு நிறுவனம் போனிலேயே சொல்லிவிட்டது. கருவிக்குப் பத்து மாத ‘வட்டியில்லாத் தவணை’ தருகிறார்களாம். அதை எடுப்பதா, அவசரகால நிதியை உடைப்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கருவியை மாத வாடகைக்கு எடுங்கள். அந்த வாடகை மாதத்துக்குள் சில தாள்களைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி என்ற முறையில் அவை உங்களுக்குச் சேர வேண்டியவை. அவை கைக்கு வந்தபின் செலவுக் கணக்கே மாறலாம்.

அந்த 12-இல் இருந்து ஆரம்பிப்போம். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு முழுதாகவோ பகுதியாகவோ தடைப்படும் தடவைகள். ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடித்திருக்க வேண்டும். 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை. வீட்டில் மாட்டும் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. நீங்கள் தூங்கினீர்களா, விழித்துப் புரண்டீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால் பதிவான மொத்த நேரத்தால் வகுத்துவிடுகின்றன. 7 மணி நேரப் பதிவில் 84 தடைகள் என்றால் 12 வரும். உண்மையில் 5 மணி நேரம்தான் தூங்கியிருந்தால் அதே 84, 16.8 ஆகிவிடும். நோய் அதேதான், ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பகுதித் தடையை எண்ணுவதற்கு இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் ரத்த ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ, தடையால் தூக்கம் கலைந்தாலோ போதும். மற்றொன்றில் 4 சதவீதம் இறங்கியாக வேண்டும். இரண்டாவதில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். எந்த அளவுகோலில் எண்ணினார்கள் என்பது முழு அறிக்கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கச் சுருக்கத்தில் பெரும்பாலும் இருக்காது.

ஆகவே முதல் வேலை, முழு அறிக்கையை எழுத்துமூலம் கேட்பது. பதிவான நேரம், தடைகளின் எண்ணிக்கை, ஆக்சிஜன் இறங்கிய அடிமட்ட அளவு, மல்லாந்து படுத்தபோதும் ஒருக்களித்தபோதும் தனித்தனி எண்கள், இவ்வளவும் வேண்டும். தன் மருத்துவப் பதிவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், எந்தக் கட்டத்திலும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை என்று உலக மருத்துவச் சங்கம் தன் லிஸ்பன் பிரகடனத்தின் 1995 திருத்தத்திலேயே சொல்லியிருக்கிறது. அது சட்டமல்ல, மருத்துவர்களுக்கான நெறி. ஆனால் பல நாடுகளின் சட்டங்களும் பதிவின் நகலைப் பெற இடம் தருகின்றன. நகல் எடுக்கும் கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம்.

அடுத்தது மருத்துவர் சீட்டு. அதில் பிராண்ட் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. கருவியின் வகை, நிலையான அழுத்தமா, தேவைக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோவா, அழுத்தம் எத்தனை சென்டிமீட்டர் நீர் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் வேண்டுமா, மாஸ்க் மூக்குக்கு மட்டுமா முழு முகத்துக்கா, இவை இருந்தால் போதும். இந்தச் சீட்டு கையில் இருந்தால் மூன்று இடத்தில் விலை கேட்கலாம். ‘இங்கேதான் வாங்க வேண்டும்’ என்றால், அந்த நிபந்தனையை எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு, விற்பனையாளருக்கும் மருத்துவமனைக்கும் பண உறவு உண்டா என்றும் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பேச்சு பெரும்பாலும் ‘எங்கள் பரிந்துரை’ என்று இறங்கிவிடும். ஒரு விதிவிலக்கு: காப்பீட்டு நிறுவனமே பணம் தரும்போது தன் பட்டியலில் உள்ள விற்பனையாளரைத்தான் ஏற்கக்கூடும். அது பாலிசி நிபந்தனை, மருத்துவமனையின் உத்தரவு அல்ல.

லேசான நிலைக்கும் நடுத்தர நிலைக்கும் கீழ்த்தாடையை முன்னே தள்ளும் வாய்க்கருவி, எடைக் குறைப்பு, ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் ஆகிய வழிகளும் சிலருக்குப் பொருந்தும். அவை ஏன் உங்களுக்குச் சரிப்படாது என்று மருத்துவர் விளக்க வேண்டும். விளக்கம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. மாற்று வழிகள் தெரியாமல் தரும் சம்மதம் முழுச் சம்மதமே அல்ல.

இனி காப்பீடு. போனில் வந்த மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்து இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பிடி இல்லை. ஏ.எச்.ஐ. 5 முதல் 14 வரை இருந்தாலும் பகல் தூக்கம், உயர் ரத்த அழுத்தம் போன்றவை கூட இருந்தால் சிகிச்சை தேவை என்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நிலை. பல பாலிசிகளும் அப்படியே எழுதியிருக்கின்றன. பாலிசிப் புத்தகத்தில் 15-க்கு அடுத்த வரியைப் படித்துப் பாருங்கள். எப்வொர்த் தூக்க அளவுகோலை, அதாவது பகலில் எவ்வளவு எளிதில் கண் சொக்குகிறது என்று கேட்கும் கேள்வித்தாளை, மருத்துவரிடம் நிரப்பித் தாருங்கள். 24-க்கு 10-க்கு மேல் வந்தால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று பொருள். அந்த மதிப்பெண்ணும் முழு அறிக்கையும் மருத்துவரின் தேவைச் சான்றும் சேர்ந்ததுதான் முறையீடு. அப்போதும் மறுத்தால், ஆய்வகத்தில் மூளை அலையோடு எடுக்கும் பரிசோதனைக்கு முன் அனுமதி கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். இப்போது பாலிசியை மாற்றாதீர்கள். புதிதாக எடுத்தால் இந்த நோயறிதலை மறைக்காதீர்கள். பின்னால் இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ கேட்கும் தொகையும் இதைக் காட்டி நிராகரிக்கப்படலாம்.

வாடகையை முதலில் சொன்னதற்குக் காரணம் மாஸ்க்தான். சிபேப்பைக் கைவிடுபவர்கள் பலருக்கு இடைஞ்சல் மோட்டாரால் வருவதில்லை, மாஸ்க்கால் வருகிறது. காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். உடனே பட்டையை இறுக்குவார்கள். முகத்தில் படியும் மாஸ்க்கின் மெத்தை விளிம்பான குஷன் நசுங்கி மேலும் கசியும், மூக்குத் தண்டு புண்ணாகும். சரியான வழி, படுத்த நிலையில், கருவி ஓடும்போதே பட்டையைத் தளர்த்தி குஷனை முகத்தில் உட்கார வைப்பது. வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கு மாஸ்க் மட்டும் தந்தால் காற்று வாய் வழியே போய்விடும். சுகாதாரக் காரணம் சொல்லி மாஸ்க்கைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பதால், 30 நாளுக்குள் அளவு மாற்றித் தரும் உறுதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கருவி விலை 100, மாத வாடகை 9 என்று வையுங்கள். 11 மாதம் தாண்டினால்தான் வாடகை நஷ்டம். முதல் 2 மாத வாடகையை விலையில் கழிக்கச் சம்மதித்தால் சோதனை ஏறக்குறைய இலவசம். இப்போது அந்த ‘வட்டியில்லாத் தவணை’யைப் பாருங்கள். ரொக்கமாகக் கேட்டால் 92-க்குத் தருகிறார் என்றால், மாதம் 10 வீதம் பத்து மாதம் கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 18.5 சதவீத வட்டிக்குச் சமம். ரொக்க விலையைக் கேட்காதவர் கண்ணுக்கு மட்டுமே அது வட்டியில்லாதது. வாடகை மாதத்தில் கருவி ஒத்துக்கொண்டால் அவசரகால நிதியிலிருந்து ரொக்கம் கொடுத்து வாங்குங்கள், ஆறு மாதத்தில் அதை நிரப்பிவிடும் நிலை இருந்தால். நிரப்ப முடியாதென்றால் வாடகையையே இன்னும் சில மாதம் நீட்டுங்கள்.

விலை கேட்கும்போதே குஷன், ஃபில்டர், டியூப், தலைப்பட்டை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் தனி விலையையும் வாங்கி, ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். மலிவான கருவிக்கு அந்த நிறுவனத்தின் மாஸ்க்கும் டியூபும் மட்டுமே பொருந்தும் என்றால் மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

பல கருவிகள் நீங்கள் தூங்கிய மணிக்கணக்கை மோடம் வழியே அனுப்புகின்றன. யாருக்குப் போகிறது என்று சம்மதப் படிவத்தில் பாருங்கள். சில காப்பீட்டாளர்கள் 30 நாளில் 70 சதவீத இரவுகள், அதாவது 21 இரவுகள், 4 மணி நேரமாவது மாட்டியிருந்தால்தான் பணம் தருவார்கள். அப்படியானால் மோடத்தை அணைத்து வைப்பது உங்களுக்கே எதிராகும்.

பழைய கருவி மலிவாகக் கிடைத்தால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் ஒலியடக்கும் நுரை சிதைவதால் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற அறிவித்ததை நினைவில் வையுங்கள். சீரியல் எண்ணை உற்பத்தியாளரிடம் சரிபார்த்து, ஓடிய மணி நேரத்தைத் திரையில் பார்த்த பிறகே விலை பேசுங்கள். வாடகைக்கு வரும் கருவிக்கும் இதே சோதனைதான்.