டெஸ்ட் கிட்டில் பூஜ்யம், பாறையெல்லாம் பாசி: என்ன செய்வது?

கேள்வி: 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்து ஏழு மாதமாகிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு ராயல் கிராமா, கொஞ்சம் மென்பவளங்கள் இருக்கின்றன. இரண்டு மாதமாகப் பாறைகளில் பச்சை முடி போலப் பாசி மண்டுகிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம் என்றே வருகிறது. வாரம் 20 லிட்டர் நீர் மாற்றுகிறேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ. போடலாமா? மூன்று நாள் விளக்கை அணைத்து வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தொட்டியில் பாசிக்கு உணவாகும் நைட்ரேட், பாஸ்பேட் சத்து இல்லை என்று அந்தப் பூஜ்யத்துக்குப் பொருள் கொள்ளாதீர்கள். தீவனத்திலிருந்தும் பாறையிலிருந்தும் வருகிற சத்தை உடனுக்குடன் பாசி இழுத்துக்கொள்வதால் நீரில் மிச்சம் நிற்பதில்லை. கிட் அளப்பது அந்த மிச்சத்தைத்தான். போதாக்குறைக்கு, நிறம் பார்த்துச் சொல்லும் பாஸ்பேட் கிட்டுகளில் 0.1 பி.பி.எம்.க்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பி.பி.எம்.) கீழே வித்தியாசம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. இந்த நிலையில் ஜி.எஃப்.ஓ. போட்டால் முதலில் பட்டினி கிடப்பவை பவளங்கள். இரண்டு சத்தும் உண்மையிலேயே வற்றிவிட்டால் டைனோ (டைனோஃபிளஜெல்லேட் எனும் நுண்ணுயிர்) தலைதூக்கும். பழுப்பு நிறத்தில் சளி போல இழையிழையாகத் தொங்கும், நடுநடுவே காற்றுக்குமிழ் இருக்கும். அதை விரட்டுவது முடிப்பாசியை ஒழிப்பதைவிடப் பல மடங்கு சிரமம்.

எனவே முதல் வேலை கையால் பிடுங்குவது. அலுப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு எதைச் செய்தாலும் பலன் அரைகுறையாகவே இருக்கும். வாராந்திர நீர் மாற்றத்தையே இதற்குப் பயன்படுத்துங்கள். 12 மி.மீ. குழாயில் சைஃபன் ஓடட்டும். குழாயின் வாயைப் பாறையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பாசியை அடியோடு விரலால் முறுக்கி இழுத்தால் துணுக்குகள் நேராக வாளிக்குப் போய்விடும். தொட்டிக்குள்ளேயே பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், சிதறும் துணுக்கு ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில் வேர்பிடித்தது போல ஒட்டி வளரும். வெளியே எடுக்க முடிந்த பாறைகளை வாளியில் பிடித்த தொட்டி நீரிலேயே பிரஷால் தேய்க்கலாம். பிறகு 3% ஹைட்ரஜன் பெராக்சைடை பாசி இருந்த இடத்தில் மட்டும் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, சுத்தமான உப்புநீரில் அலசித் திரும்ப வையுங்கள். பவளத்தின் மேல் படக் கூடாது. இறால் இருக்கும் தொட்டிக்குள் பெராக்சைடை நேரடியாக ஊற்றவே கூடாது.

பிடுங்கியதில் ஓர் இழையை வெள்ளைக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். வெறும் நூலாகத் தெரிந்தால் சாதாரண முடிப்பாசி. நடுத்தண்டும் இருபுறமும் கிளைகளுமாக இறகு போல விரிந்தால் அது பிரையாப்சிஸ். பெரும்பாலான நத்தைகள் அதை ஒதுக்கிவிடும். அதற்குப் பொழுதுபோக்காளர்கள் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். அளவு லிட்டருக்குச் சுமார் 5 மி.கி. பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, உண்மையான நீரின் அளவைக் கணக்கிடுங்கள். மருந்து இருக்கும் வரை ஃபில்டரில் உள்ள கார்பனை (மருந்தையும் உறிஞ்சிவிடும் கரியை) எடுத்துவிட வேண்டும். செம்பு கலந்த பாசிக்கொல்லிகளைத் தொடவே தொடாதீர்கள். நத்தை, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது.

பிடுங்கிய பிறகுதான் நத்தைகள். விரல் நீளத்துக்கு வளர்ந்த பாசியை அவை தின்று தீர்க்காது, குட்டையாகத் துளிர்ப்பதைத்தான் மேயும். உங்கள் தொட்டிக்கு ஆறேழு டிரோகஸ் நத்தைகளில் தொடங்கலாம். கவிழ்ந்தால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் என்பதால் டிரோகஸ். டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் சிறு பவளத் துண்டுகளைத் தள்ளிவிடும். உப்பளவு சட்டென மாறினால் நத்தைகள் செத்துப்போகும், அதனால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் சொட்டுமுறையில் ஒரு மணி நேரமாவது பழக்கிவிட்டு இறக்குங்கள். பாசி தின்னும் என்று யாராவது டாங் மீனைச் சிபாரிசு செய்தால் வாங்காதீர்கள். 200 லிட்டர் அதற்கு நீந்தப் போதாது.

இனி சத்து உள்ளே வரும் வழிகளைப் பாருங்கள். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர் மட்டுமே. ஈடுசெய்ய ஊற்றும் நீரில் பாஸ்பேட்டோ சிலிகேட்டோ இருந்தால் நாளுக்கு நாள் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். நீரில் கரைந்தவற்றை நீக்கும் ஆர்.ஓ./டி.ஐ. வடிகட்டியிலிருந்து வரும் நீரை, கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள். 0 காட்ட வேண்டும், ஏறத் தொடங்கினால் வடிகட்டியில் உள்ள டி.ஐ. ரெசினை மாற்றுங்கள். உறைந்த தீவனத்தை ஒரு கிண்ணத்தில் உருகவைத்து வலையில் வடித்து, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஃபில்டர் சாக்கை (கசடை வடிகட்டும் துணிப்பையை) மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதில் தங்கிய கசடு அங்கேயே அழுகித் திரும்ப நீரில்தான் கரையும்.

மூன்று நாள் இருட்டு, சளிப்படலம் போலப் படரும் சயனோ பாக்டீரியாவைக் குறைக்க ஓரளவு உதவும். முடிப்பாசி வெளிறிவிட்டு மறுபடி துளிர்க்கும். விளக்கை நாளுக்கு மொத்தம் எட்டு மணி நேரத்தோடு நிறுத்தி, அதன் வெள்ளை, சிவப்பு நிறச் சேனல்களைக் குறைத்தாலே போதும்.

ஓரிரு வாரத்தில் கிட்டில் எண் ஏறினால் பதறாதீர்கள், இழுத்துக்கொள்ளப் பாசி குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கலாம். பாஸ்பேட் 0.1ஐத் தாண்டி நின்றால் மட்டும் ஜி.எஃப்.ஓ.வைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு போட்டு, வாரம் இருமுறை அளந்து பாருங்கள். நீரில் பாஸ்பேட் இறங்க இறங்க, பாறை தன்னிடம் படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால் எண் இறங்கி மறுபடி ஏறுவது போலத் தெரியும். அதைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதம் வரை இப்படி இழுக்கலாம்.